மாமர நிழலுக்கு மஞ்சள் பூ தேடுபவர்களுக்கு



பாடசாலைத் தோட்டத்தில் புல் முளைக்காத இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். மாமரத்துக்கு அடியில், அல்லது இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில். "அதில வெடேலியாவ நடுங்க, ரெண்டு மாசத்தில மூடிரும்" என்று யாராவது சொல்வார்கள். மூடியும் விடும். அதுதான் எங்கள் பிரச்சினை.

வெடேலியா மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. நிழலிலும் படரும், பூ மட்டும் கொஞ்சம் குறையும். மண் அரிப்பையும் தடுக்கும். அதிபர்மாருக்கு அது பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஐ.யூ.சி.என். அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இந்தச் செடியும் ஒன்று.

இது பரவ விதை தேவையில்லை. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். ஒரு துண்டு போதும். இப்போது எங்கள் சிரமதானத்தை நினைத்துப் பாருங்கள். மெஷினால் வெட்டுகிறோம், துண்டு துண்டாகப் பறக்கிறது. வாரி அள்ளி மதிலுக்கு வெளியே வாய்க்கால் ஓரம் கொட்டுகிறோம். வாய்க்கால் எங்கே போகிறது? வயலுக்கு. துப்பரவு செய்கிறோம் என்ற பெயரில் நடுகை நடக்கிறது!

அந்த வயல் ஓரத்தில்தான் இதனுடைய சொந்தக்காரி இருக்கிறாள், மஞ்சள் கரிசலாங்கண்ணி. அதுவும் ஈரத்தில் படரும், அதுவும் மஞ்சள் பூ. ஆனால் அது எங்கள் மண்ணின் மருந்து, நாட்டு வைத்தியர்கள் தேடுகிற மூலிகை. வெடேலியா பாய் விரித்த இடத்தில் வேறு சின்னச் செடிகள் தலைதூக்குவது கஷ்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. வெடேலியாவைப் பிடுங்கி, "இதுதான் மஞ்சள் கரிசலாங்கண்ணி, ஈரலுக்கு நல்லம்" என்று கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இலையைப் பாருங்கள். வெடேலியா இலை அகலமாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்து, பளபளப்பாக இருக்கும். கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டு, மடல் இல்லாமல் இருக்கும். விஞ்ஞானப் பாடத்தில் இலை வடிவம் படிப்பிக்கும்போது இந்த இரண்டையும் மேசையில் வைத்தால் அந்தப் பாடம் பிள்ளைகளுக்கு மறக்காது.

அப்போ நிழலில் என்னதான் நடுவது? ஈரம் நிற்கும் இடமென்றால் வல்லாரை. பூ சொல்லும்படியாக இல்லை, ஆனால் சம்பலுக்கு ஆகும். கொஞ்சம் வெயில் விழும் ஈர இடத்துக்கு அந்த மஞ்சள் கரிசலாங்கண்ணியையே நடலாம். காய்ந்த, இருண்ட இடமென்றால் சருகை அப்படியே விடுங்கள். மரத்தடியில் சருகு கிடப்பதைக் குப்பை என்று புள்ளி குறைப்பவர்களிடம்தான் நாங்கள் பேச வேண்டியிருக்கிறது.

ஏற்கனவே வெடேலியா உள்ள பாடசாலைகளில் மெஷினை விட்டுவிட்டு, மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது வேரோடு கையால் பிடுங்குங்கள். சீமெந்துத் தரையில் பரப்பி நன்றாகக் காயும் வரை விடுங்கள், மண்ணில் பட விடாதீர்கள். ஒரு தடவையில் முடியாது, விட்ட கணுக்கள் திரும்ப முளைக்கும். தவணைக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

பள்ளிவாசல் நிருவாகத்தினரும் மையவாடியைத் துப்பரவு செய்யும்போது இதைக் கவனித்தால் நல்லது. வாய்க்காலில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.