ஆப்ப சோடாவும் வினிகரும் ஒரு கான்ட்ரா என்ட்ரியும்

இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா, அரை லிட்டர் வினிகர், இரண்டையும் வாஷிங் மெஷினுக்குள் ஒன்றாகக் கொட்டு, பொங்கி வரும், மெஷின் பளபளக்கும், கெமிக்கலே வேண்டாம், எல்லாம் இயற்கை! இந்தக் குறிப்பை வாரம் ஒருமுறை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கும் சொந்த பந்தங்களே, போதும், நிறுத்திக்கொள்ளுங்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நான் பி.காம். கெமிஸ்ட்ரி எனக்குப் பத்தாங்கிளாஸோடு சரி. ஆனால் அந்தப் பத்தாங்கிளாஸிலேயே சொல்லிக் கொடுத்தார்களே, அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும் என்று? வினிகர் அமிலம், ஆப்ப சோடா காரம். பொங்குவது கரியமிலவாயு. பொங்கி அடங்கிய பிறகு மிஞ்சுவது தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். எங்கள் பாங்க் பாஷையில் கான்ட்ரா என்ட்ரி. இரண்டு பக்கமும் எழுதியாச்சு, மொத்தக் கையிருப்பு அப்படியே இருக்கிறது.

வீண் வேலை என்பதோடு போயிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். போன தீபாவளிக்கு அம்மா கும்பகோணத்திலிருந்து அகமதாபாத் வந்திருந்தார். மெஷினில் ஒரே நாற்றம். மேற்படி குறிப்பின்படி செய்தேன், போகவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்த வினிகர் முழுவதையும் ஊற்றினேன். அப்பவும் போகவில்லை. பொறுமையில்லாமல் பாத்ரூம் கழுவும் ப்ளீச்சை அதன்மேல் கொட்டினேன். (தங்கமணி இல்லை, நான்தான். தங்கமணிக்கு அந்த அளவு புத்தி மட்டமில்லை.) கால் கழுவ உள்ளே வந்த அம்மா இருமத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். பால்கனியில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் விசிறினேன். "என் மிச்ச ஆயுசை இங்க முடிக்கத்தான் கூப்பிட்டியாடா?" என்றார். ப்ளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915ல் முதல் உலகப் போரில் சிப்பாய்கள்மேல் ஏவினார்களே, அதே வாயு. இயற்கை என்று பேர் வைத்தால் எதையும் எதோடும் கலக்கலாமா?

என் பாட்டி பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பாள், எண்ணெய்ச் சட்டிக்குச் சாம்பல். புளி அமிலம், சாம்பல் காரம். இரண்டையும் ஒன்றாய்க் கரைத்து அவள் கொட்டியதே இல்லை. பள்ளிக்கூடம் போகாத மனுஷிக்குத் தெரிந்திருந்தது, எந்த அழுக்குக்கு எது என்று.

நம்மைப் போல வெளியூரில் ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு முதல் எதிரி தண்ணீர். எங்கள் கட்டடத்தில் போர்வெல். குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். குடிதண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குழாயில் படியும் அதே சுண்ணாம்புதான் மெஷினுக்குள் ஹீட்டரிலும் படிகிறது. அதைக் கரைக்க அமிலம் மட்டும், தனியாக. இங்கே கிரானா கடையில் 'லிம்பு நா ஃபூல்' என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் தருவார்கள், டோக்ளாவுக்குப் போடுவது. ஹீட்டர் உள்ள ஃப்ரண்ட் லோட் மெஷினில் துணி இல்லாமல் 100 கிராம் போட்டு, 60 டிகிரியில் ஒரு ஓட்டு ஓட்டுகிறேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சர்வீஸ்காரர் மாதாமாதம் தலையில் கட்டிய பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தால், அதிலும் இதே சிட்ரிக் ஆசிட்!

நாற்றம் வேறு கணக்கு. அது சோப்புப் பிசுக்கும் பூஞ்சையும். நுரை வந்தால்தான் வெளுக்கும் என்று ஒரு கரண்டிக்கு மூன்று கரண்டி பவுடர் போடுகிறோம், பச்சைத் தண்ணீரிலேயே துவைக்கிறோம், துவைத்ததும் கதவை இறுக்கி மூடிவிடுகிறோம். வராமல் என்ன செய்யும்? பிசுக்குக்குச் சலவை சோடாவும் சுடுதண்ணீரும், அதுவும் வேறொரு நாளில். கதவு ரப்பர் மடிப்பை ஈரம் போகத் துடைத்து, கதவைத் திறந்தே வைக்க வேண்டும், அதற்குக் காலணா செலவில்லை.

கீழே இருக்கும் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஐந்து ரூபாய் நாணயம், ஒரு ஹேர்பின், அம்மா தீபாவளி முதல் தேடிக்கொண்டிருந்த மூக்குத்தித் திருகு.