கடல் தீர்த்து வைத்த வழக்கு

வங்காளக் குடாக்கடலில், ஹரியபங்கா நதி வந்து கலக்கும் முகத்துவாரத்தில், ஒரு மணல் திட்டு இருந்தது. 'இருந்தது' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1970-ம் வருஷத்துப் பெரும் புயலுக்குப் பிறகு அது நீருக்கு மேலே தலை தூக்கியது. நமது தேசத்தார் அதற்கு 'நியூ மூர்' என்றும் 'பூர்பாஷா' என்றும் இரண்டு பெயர் சூட்டினார்கள். வங்காள தேசத்தார் 'தெற்குத் தல்பட்டி' என்றார்கள். குழந்தை ஒன்று, பெயர் மூன்று! நிலையாகக் குடியிருந்தவர் ஒருவருமில்லை. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் அது எழும்பியதுமில்லை. ஆயினும் அதற்காக இரண்டு சர்க்கார்கள் முப்பது வருஷத்துக்கு மேல் வாதாடின. 1981-ல் நமது கப்பல் ஒன்று அங்கே போயிற்று. எதிர்த் தரப்பார் துப்பாக்கிப் படகுகளை அனுப்பினார்கள். மணலின் மேல் யாருக்கும் ஆசையில்லை. திட்டு யாருடையதோ அவர்களுக்கே அதைச் சுற்றியுள்ள கடலும், கடலில் உள்ள மீனும், அடியில் இருக்கக்கூடிய எண்ணெயும் எரிவாயுவும் சேரும் என்ற எண்ணமே காரணம்.

2010-ம் வருஷத்தில் ஜாதவபூர்ச் சர்வகலாசாலையின் கடல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சமாசாரத்தை வெளியிட்டார்கள். வானத்திலிருந்து எடுத்த படங்களில் திட்டைக் காணோம்! கப்பலும் கொடியும் தீர்க்காத வழக்கைக் கடல் தீர்த்து விட்டது. எல்லைத் தகராறு அதற்கு முன்பே மத்தியஸ்தர்களிடம் போயிருந்தது. அவர்கள் 2013 அக்டோபரில் ஸ்தலத்தை நேரில் பார்வையிட்டு, 2014 ஜூலை 7-ந் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். தகராறிலிருந்த சுமார் 25,602 சதுரக் கிலோ மீட்டர் கடலில் 19,467 வங்காள தேசத்துக்குப் போயிற்று. நமது சர்க்கார் முகம் சுளிக்காமல் அதை ஏற்றுக் கொண்டது. அந்தப் பெருந்தன்மைக்காக நாம் தாராளமாகவே பெருமைப்படலாம். அத்தீர்ப்பில் வேறொரு விஷயமும் இருக்கிறது. வருங்காலத்தில் சீதோஷ்ண நிலை மாறிக் கடலோரம் எப்படிப் போனாலும், ஒருமுறை வகுத்த கடல் எல்லைகள் அதனால் ஆட்டங் காணக்கூடாது என்று மத்தியஸ்தர்கள் கருதினார்கள். கோடு நிலையாக நிற்கட்டும் என்பது நல்ல யோசனைதான். ஆனால் கரையில் வசிக்கும் ஜனங்கள் கோட்டைப் போல் நின்ற இடத்தில் நிற்க முடியுமா?

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லி விடுகிறோம். திட்டு மறைந்த பழி முழுவதையும் சீதோஷ்ண மாறுதலின் தலையில் சுமத்துவதற்கில்லை. அந்தப் பிரதேசம் முழுவதும் நதிகள் கொண்டு வந்து கொட்டிய வண்டல். தானாகவே மெள்ள மெள்ள அமுங்கி வருகிறது. நீரோட்டம் ஓரிடத்தில் மண்ணைச் சேர்க்கும், வேறோரிடத்தில் அரிக்கும். இத்தனைக்கும் மேலே, உலகத்துக் கடல் மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையில் சுமார் 20 சென்டி மீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாண் அளவுதானே என்று தோன்றும். கல்லாலான கரைக்கு ஒரு சாண் பெரிதல்ல; மண் கரைக்கும் மண் வீட்டுக்கும் அது பெரிது.

இதில் தேசப் பாதுகாப்பு எங்கே வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு விடை, திட்டைப் பிறப்பித்ததாகச் சொல்லப்படும் அந்தப் புயலிலேயே இருக்கிறது. 1970 நவம்பர் 12-ந் தேதி இரவு அது கிழக்குப் பாகிஸ்தானின் கரையைத் தாக்கியது. மூன்று லட்சம் பேர் மாண்டார்கள் என்பது குறைந்த கணக்கு. ஐந்து லட்சம் என்போரும் உண்டு. மேற்கே இருந்த சர்க்கார் உதவிக்கு வந்த வேகம் ஆமை வேகம். கிழக்கு வங்காளத்தாருக்குப் பாஷையைப் பற்றியும் வருமானத்தைப் பற்றியும் முன்பே மனக்குறைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் 'நாம் செத்தாலும் இவர்களுக்குக் கவலையில்லை' என்ற எண்ணத்தை அந்த நவம்பர் மாதம் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. அடுத்து நடந்த தேர்தலில் கிழக்கிலிருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ அவாமி லீக் கைப்பற்றியது. அதன் பின் அடக்குமுறை. சுமார் ஒரு கோடி அகதிகள் நமது எல்லைக்குள் வந்தார்கள். 1971 டிசம்பரில் யுத்தம். புயல்தான் யுத்தத்தை உண்டாக்கிற்று என்று சொன்னால் அது மிகை. அலட்சியமான அரசாட்சியின் மேல் புயல் வீசினால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இனி வேறொரு புயலைப் பாருங்கள். 2020 மே மாதத்தில் அம்பன் புயல் அதே குடாக்கடலில் வீசியது. வங்காள தேசம் மட்டும் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியது. இரு தேசங்களிலும் சேர்த்து உயிரிழந்தோர் சில நூறு பேரைக்கூட எட்டவில்லை. ஒலிபெருக்கியும் சைக்கிளும் கொண்டு கிராமம் கிராமமாக எச்சரிக்கை சொல்லும் தொண்டர் படையை அந்தத் தேசம் 1970-களிலிருந்து வளர்த்து வந்ததன் பலன் இது. ஒரு பெரிய பட்டாளம் காப்பாற்றக்கூடிய உயிர்களை விட இந்தத் தொண்டர்கள் காப்பாற்றியது அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

உயிரைக் காப்பாற்றலாம், நிலத்தைக் காப்பாற்றுவதுதான் சிரமமாயிருக்கிறது. நமது பக்கத்துச் சுந்தரவனத்தில் லோஹாசரா என்னும் தீவு மறைந்து போயிற்று. கோராமாரா தீவு பாதியளவுக்குத் தேய்ந்தது. அங்கிருந்தவர்களில் பலர் சாகர் தீவில் குடியேறினார்கள். 2009-ல் ஐலா புயல் கரைகளை உடைத்து வயல்களில் உப்பு நீரைப் புகுத்தியபோது, பயிரிட வழியில்லாத குடியானவர்கள் கேரளத்துக்கும் நமது தமிழ் நாட்டுக்கும் கூலி வேலை தேடி வந்தார்கள். கட்டடம் கட்டுமிடத்தில் செங்கல் சுமப்பவர் வங்காளி பேசினால், கடல் துரத்தி வந்தவராக இருக்கலாம். உலக பாங்கு 2021-ல் போட்ட மதிப்பின்படி, தெற்கு ஆசியாவில் 2050-க்குள் சுமார் நான்கு கோடிப் பேர் இவ்விதம் இடம் பெயரக்கூடும். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வங்காள தேசத்தார். எல்லாரும் நமது எல்லையைத் தாண்டி வந்து விடுவார்கள் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அந்த மதிப்பு சொல்வது சொந்தத் தேசத்துக்குள்ளேயே இடம் மாறுகிறவர்களைப் பற்றி. 4,096 கிலோ மீட்டர் நீளமுள்ள எல்லையில் வேலி போடுவதைப் பற்றி மட்டுமே பேசுவோர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பது நலம்.

ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் இவ்விஷயம் 2007 ஏப்ரலில் முதல் முறையாக விவாதத்துக்கு வந்தது. 2021 டிசம்பர் 13-ந் தேதி அயர்லாந்தும் நைஜரும் கொண்டு வந்த தீர்மானத்தைப் பன்னிரண்டு தேசங்கள் ஆதரித்தன. ரஷ்யா தனது ரத்து அதிகாரத்தால் அதை வீழ்த்தியது; சீனா நடுநிலை வகித்தது; நமது பிரதிநிதி ஸ்ரீ திருமூர்த்தி எதிர்த்து வாக்களித்தார். எல்லாத் தேசங்களும் சமமாக உட்கார்ந்து பேசும் சபை வேறு இருக்க, ஐந்து வல்லரசுகள் ஆளும் சபைக்கு இதை எடுத்துச் செல்வானேன் என்பது நமது தரப்பு. அதில் நியாயம் இருக்கிறது. கரியமில வாயுவை நூறு வருஷத்துக்கு மேல் தாராளமாக வெளியிட்டுச் செல்வம் சேர்த்த தேசங்கள், ஏழைத் தேசங்களுக்கு 2020-க்குள் வருஷத்துக்குப் பதினாயிரம் கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-ல் சொல்லி, 2022-ல்தான் அந்தத் தொகையை எட்டின. கடனை அடைக்காதவர் பஞ்சாயத்துத் தலைவராக வந்தால் யாருக்குத்தான் சம்மதமாயிருக்கும்? ஆகையால் வாக்களித்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் நியூயார்க்கில் வேண்டாம் என்று சொன்னவர்கள், டாக்காவிலும் டில்லியிலும் அதைப் பேசியாக வேண்டும்.

பேசுவதற்குக் காரியம் கையிலேயே இருக்கிறது. பராக்காவில் கங்கை நீரைப் பங்கிடும் உடன்படிக்கை 1996 டிசம்பர் 12-ந் தேதி முப்பது வருஷத்துக்குக் கையெழுத்தாயிற்று; அதன் கெடு 2026 டிசம்பர். ஜனவரி முதல் மே வரை, நீர் 70,000 கன அடிக்குக் குறைந்தால் இரு தேசங்களுக்கும் சரிபாதி என்பது அதன் ஏற்பாடு. கோடையில் நன்னீர் குறையக் குறைய, குல்னாப் பக்கத்து ஆறுகளில் உப்பு மேலே ஏறி வருகிறது. அந்தப் பங்கீட்டு அட்டவணைக்கு ஆதாரமாக எடுத்துக் கொண்டதோ 1949 முதல் 1988 வரையில் ஓடிய நீரின் சராசரி. பனிமலையும் மழையும் அன்றிருந்தபடி இல்லை. புதிய உடன்படிக்கைக்கு உட்காருகிறவர்கள் முதல் வேலையாக, இப்போது ஓடும் ஆற்றை இரு தரப்பாரும் சேர்ந்து நின்று அளக்கட்டும்.