புத்தகசாலைகள் செய்துகொண்ட சம்பந்தம்

சங்கம் ஆரம்பிப்பது சுலபம். அதை நடத்துவது கஷ்டம். இரண்டு சங்கங்களை ஒன்றாக்குவதோ மகா கஷ்டம். சம்பந்திகளுக்குள் சீர்வரிசையைப் பற்றித்தான் மனஸ்தாபம் வரும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது வருவது அவரவர் வீட்டு வழக்கத்தைப் பற்றி. அமெரிக்காவில் புத்தகசாலைகளின் இரண்டு கூட்டுறவு ஸ்தாபனங்கள் 2006-ம் வருஷத்தில் ஒன்றாகச் சேர்ந்த விருத்தாந்தம் இதற்கு நல்ல அத்தாட்சி.

புத்தகசாலைகளுக்குக் கூட்டுறவு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். ஒரே புத்தகத்தை நூறு புத்தகசாலைகள் வாங்குகின்றன. ஆசிரியர் யார், விஷயம் என்ன, பக்கம் எத்தனை என்று பட்டியல் குறிப்பு எழுதும் வேலையை நூறு பேர் நூறு தடவை செய்வானேன்? ஒருவர் எழுதியதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டால் போதாதா? இந்த எண்ணத்துடன் 1967-ல் ஓஹியோ மாகாணத்தில் 54 கலாசாலைகள் சேர்ந்து ஓ.ஸி.எல்.ஸி. என்ற ஸ்தாபனத்தை அமைத்தன. பிரடெரிக் கில்கோர் என்பவர் அதைத் தலைமை வகித்து நடத்தினார். 1971-ல் கம்ப்யூட்டர் மூலம் பொதுப் பட்டியல் வேலை தொடங்கியது. நாளடைவில் அது ஓஹியோவின் எல்லையைத் தாண்டிப் பரவிற்று.

1974-ல் ஹார்வர்ட், யேல், கொலம்பியா ஸர்வகலாசாலைகளும் நியூயார்க் பொதுப் புத்தகசாலையும் கூடி ஆர்.எல்.ஜி. என்ற வேறொரு கூட்டை ஏற்படுத்தின. ஆராய்ச்சிப் புத்தகசாலைகளுக்கென்றே ஏற்பட்டது இது. ஆகையால் இதன் வழக்கமும் வேறு. ஓ.ஸி.எல்.ஸி.யில் ஒரு புத்தகத்துக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரே குறிப்பு. ஆர்.எல்.ஜி.யிலோ ஒவ்வொரு புத்தகசாலையும் எழுதிய குறிப்பு தனித்தனியே காப்பாற்றப்பட்டது. பழைய பிரதி ஒன்றில் முந்திய சொந்தக்காரரின் கையெழுத்து இருந்தால், அந்தச் செய்தி அப்படிப்பட்ட தனிக் குறிப்பில்தான் தங்கும். சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துக்களிலேயே பட்டியல் போடும் வசதியை 1983-ல் செய்துகொடுத்ததும் ஆர்.எல்.ஜி.தான்.

ஆனால் இரண்டு பெரும் பட்டியல்களை இரண்டு இடங்களில் வளர்ப்பது இரட்டைச் செலவு அல்லவா? அங்கத்தினர்களின் சம்மதத்தைப் பெற்று, 2006 ஜூலை 1-ந் தேதி ஆர்.எல்.ஜி. பெரிய ஸ்தாபனத்துடன் இணைந்தது. அதன் ஆராய்ச்சித் திட்டங்கள் புது வீட்டிலும் தொடர்ந்து நடந்தன. அதன் பட்டியல், 'வோர்ல்ட்காட்' என்னும் பொதுப் பட்டியலில் கலந்தது. தனிக் குறிப்புகளுக்கும் அதில் இடம் ஒதுக்கினார்கள். சில வருஷங்கள் சென்றதும் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டு வேறு முறை வந்தது.

இதில் பெரிய ஸ்தாபனத்தின் மேல் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆயிரக்கணக்கான புத்தகசாலைகளுக்குப் பொதுவாக வேலை செய்கிறவர்கள், ஒரு சிலருக்காக இரட்டை முறையை எத்தனை நாள்தான் நடத்துவார்கள்? ஓரூர்க் கலாசாலையின் மாணவன் உலகத்துப் புத்தகசாலைகளையெல்லாம் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க முடிவதும் சாமானிய லாபமன்று.

ஆயினும் இணைப்பைப் பற்றி யோசிக்கும் சிறிய சங்கங்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். இத்தகைய தருணங்களில் கூட்டம் கூட்டமாக விவாதிப்பது பெயரைப் பற்றி. பெயர் போனால் பெயர்ப்பலகைதான் போகிறது. வழக்கம் போனாலோ, சங்கம் எதற்காகப் பிறந்ததோ அதுவே போய்விடும். ஆகவே, எந்த வழக்கத்தை விடக் கூடாது, பிற்காலத்தில் அதை மாற்றுவதற்கு யாருடைய சம்மதம் வேண்டும் என்பவற்றை இணைவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம். முகூர்த்தம் முடிந்த பிறகு பேசினால் அது வேண்டுகோள். முன்னால் பேசினால்தான் நிபந்தனை.