சூப்பு அவங்களோடது, புட்டு நம்மளோடது

சுறாவைக் காப்பாத்தணும்னு தமிழ்ல எழுதுற எல்லாப் பதிவுலயும் வில்லன் ஒரே ஆளுதான். துடுப்பை மட்டும் அறுத்துட்டு மிச்ச உடம்பை உயிரோட கடல்ல தூக்கிப் போடற ஆசாமி. கூடவே, எங்கயோ ஹாங்காங் கல்யாண விருந்துல அந்தத் துடுப்பு சூப்பைக் குடிக்கிற இன்னொருத்தர். படிச்சுட்டு "அடப்பாவிகளா"ன்னு உச்சுக் கொட்டறோம். அப்புறம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் சுறாப் புட்டு சாப்பிட உக்காந்துடறோம். யாருக்கும் இதுல எந்த உறுத்தலும் வர்றதில்லை. ஏன்னா நாம சாப்பிடறது மீன், அவன் குடிக்கிறதுதான் சுறா :)

துடுப்புக்கு எதிரா நம்ம நாட்டுல சட்டம் இல்லாம இல்லை. துடுப்பு உடம்போட சேர்ந்துதான் கரைக்கு வரணும்னு 2013-ல் மத்திய அரசு சொல்லிடுச்சு. 2015-ல் துடுப்பு ஏற்றுமதிக்கே தடை போட்டுட்டாங்க. ரெண்டும் நல்ல விஷயம்தான். இதே மாதிரி சட்டம் பல நாடுகள்ல வந்துது. ஆனா சுறா சாவு குறைஞ்சுதா? இல்லை. 2024-ல் 'சயின்ஸ்' இதழ்ல வந்த ஆய்வு, மீன்பிடிப்புல சாகற சுறாக்களோட எண்ணிக்கை 2012-ல் சுமார் 7.6 கோடின்னும், 2019-ல் அது 8 கோடிக்கு மேல போயிடுச்சுன்னும் சொல்லுது. இதுக்கு நேர்மாறா, சுறா கடிச்சு சாகற மனுஷங்க உலகம் முழுக்கச் சேர்த்தே வருஷத்துக்கு சராசரியா பத்துப் பேருக்கும் கம்மி.

ஏன் குறையலை? துடுப்பை மட்டும் எடுக்காதேன்னு சொன்னா முழு சுறாவும் கரைக்கு வருது. வந்த கறிக்கு சந்தை வேணுமே? அந்த சந்தை நாமதான். உணவகங்கள்ல சுறாக்கறி எங்கெல்லாம் கிடைக்குதுன்னு இந்திய ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்தப்ப, முன்னாடி நின்னது கோவாவும் தமிழ்நாடும்.

எங்க ஊர் திருமுக்கூடல். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம். கடலைப் பார்க்கணும்னா பஸ் ஏறணும். ஆனா சுறா மட்டும் ஐஸ் பெட்டியில ஏறி வீட்டு வாசலுக்கே வந்துடும். யார் வீட்லயாவது பிரசவம்னா, "பச்ச உடம்புக்காரி இருக்கா, பால் சுறா வந்தா எடுத்து வைம்மா"ன்னு மீன்காரம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வைப்பாங்க. தாய்ப்பால் நல்லா ஊறும்னு நம்பிக்கை. எங்க ஊர் பெருமாள் கோயில் சுவர்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 11-ம் நூற்றாண்டுலயே இங்க 15 படுக்கையோட ஒரு ஆதுலர் சாலை நடந்ததையும், அதுல இருப்பு வெச்சிருந்த மருந்துகளோட பட்டியலையும் அது சொல்லுது. அப்பேர்ப்பட்ட ஊர்ல மருந்தைப் பத்தி ஆயாக்கள்கிட்ட வாதாடி ஜெயிக்க முடியாது :)

இருந்தாலும் வாதாடித்தான் ஆகணும். பால் சுறான்னு ஒரு தனி இனமே இருக்கு. ஒரு மீட்டருக்கு கொஞ்சம் கூடக்குறைய வளரும். ஆனா சந்தையில பால் சுறாங்கிறது பாதி நேரம் இனத்தோட பேர் இல்லை, சைஸோட பேர். பெருசா வளர வேண்டிய கொம்பன் சுறா மாதிரி இனங்களோட குட்டியும் அதே கூடையில, அதே பேர்லதான் வருது.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு கேக்கலாம். வஞ்சிரம் லட்சக்கணக்குல முட்டை போடும். கொஞ்சம் தப்பிச்சாலே போதும், இனம் பொழைச்சுக்கும். சுறா அப்படி இல்லை. பால் சுறா ஏறக்குறைய ஒரு வருஷம் வயித்துல சுமந்து நாலஞ்சு குட்டிதான் போடும். கொம்பன்ல பொண்ணு சுறா குட்டி போடற பருவத்துக்கு வர்றதுக்கே பதினஞ்சு வருஷம் வரைக்கும் ஆகலாம். அதுவரைக்கும் உசுரோட இருந்தாத்தானே? சம்பளம் வருஷத்துக்கு ஒரு தடவை, செலவு தினமும்னா பேங்க் அக்கவுண்ட் என்ன ஆகுமோ அதுதான் கடல்ல நடக்குது. 1970-லேர்ந்து ஐம்பது வருஷத்துக்குள்ள ஆழ்கடல் சுறா, திருக்கைகளோட எண்ணிக்கை 71 சதவீதம் சரிஞ்சிருக்கு.

"அப்ப குட்டி வேண்டாம், பெரிய சுறாவா வாங்கிக்கறோம்"னு சொல்வீங்க. அங்கதான் ஆப்பு. சுறா வளர வளர உடம்புல பாதரசம் சேரும். சின்ன மீனைத் தின்ன பெரிய மீனைத் தின்னு, எல்லாத்தோட பாதரசமும் கடைசியா அதுகிட்ட வந்து நிக்கும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கற அம்மாக்களும் சுறாவே சாப்பிடக் கூடாதுன்னு அமெரிக்க உணவு மருந்துத் துறை சொல்லுது. நாம யாருக்குத் தேடித் தேடி வாங்கிக் கொடுக்கறோமோ, அவங்களுக்குத்தான்! பெருசு வாங்கினா தாய்க்கு ஆகாது. சிறுசு வாங்கினா கடலுக்கு ஆகாது.

இதுக்காக மீனவர் மேல பாயறது அயோக்கியத்தனம். 2001 ஜூலையில எல்லா சுறா, திருக்கையையும் ஒரே ராத்திரியில வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைக்குள்ள தூக்கிப் போட்டாங்க. தலைமுறை தலைமுறையா தூண்டில்ல சுறா பிடிக்கற கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்க்காரங்க பொழப்பு என்ன ஆகும்னு யாரும் யோசிக்கலை. எதிர்ப்பு கிளம்பினதும் டிசம்பர்லயே பத்து இனமாக் குறைச்சாங்க. கடலுக்குப் போறவன்கிட்ட பேசாம போடற சட்டத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

அந்தப் பத்துல ஒண்ணோட பேர் புதுச்சேரி சுறா. 1839-ல் நம்ம பக்கத்து ஊர்ல கிடைச்சதை வெச்சு உலகத்துக்கு அறிமுகமான இனம். 1979-க்கு அப்புறம் உறுதியா ஒரு மாதிரிகூட ஆராய்ச்சியாளர் கைக்கு வரலை. அழிஞ்சே போச்சோன்னு பயப்படறாங்க. இதைச் சூப்பு வெச்சுக் குடிச்சுட்டாங்கன்னு யார் மேலயும் பழி போட முடியாது.

"வலையில தானா மாட்டினதுதானே, தூக்கிப் போட்டா வீணாத்தானே போகும்?" நியாயமான கேள்வி. ஆனா குட்டிக்கு நல்ல விலை கிடைக்கற வரைக்கும், உசுரோட மாட்டினதைத் திருப்பி விட யாருக்கு மனசு வரும்? குட்டிங்க அதிகமா திரியறது ஆழம் கம்மியான கரையோரத்துலதான். அங்க விசைப்படகு இழுக்கக் கூடாதுன்னு 1983-லேர்ந்தே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. அதைக் கறாரா நடத்தட்டும். கேரளாவுல 58 வகை மீனுக்கு, இதுக்குக் கீழ சைஸ் இருந்தா பிடிக்காதேன்னு அளவு வெச்சிருக்காங்க. நம்ம கரையில சுறாவுக்கு அப்படி ஒரு அளவை மீனவர்களோட உக்காந்து பேசி முடிவு பண்ணட்டும்.

அது அரசாங்கத்தோட வேலை. நம்ம வேலை ரொம்பச் சுலபம். புட்டுதான் வேணும்னா சூரை மீன்ல பண்ணலாம், பூண்டும் மிளகும் தூக்கலா இருந்தா தட்டு காலியாகும். பச்ச உடம்புக்காரிக்கு நெத்திலியும் மத்தியும் கொடுங்க. பாதரசமும் கம்மி, விலையும் கம்மி. அடுத்த தடவை கூடையில முழ நீளத்துல குட்டிச் சுறா இருந்தா, "இது வேண்டாம்மா, வேற என்ன இருக்கு?"ன்னு கேளுங்க. நாலு வீட்ல இப்படிக் கேட்டா, அஞ்சாவது நாள் மீன்காரம்மா ஏலத்துல அதை எடுக்க யோசிப்பாங்க.

பி.கு.: இது சைவப் பிரச்சாரம் இல்லை மக்களே. இன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல மத்திக் குழம்பு.