வண்டி ஏற்றும் முன் நான்கு கிராம்

மண்டைக்காட்டில் 28 வாரக் கர்ப்பிணிக்குப் பனிக்குடம் உடைந்து வலியும் கண்டுவிட்டால், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 20 கிலோமீட்டர் போக வேண்டும். மாசிக் கொடை நாட்களில் அந்தச் சாலை எப்படியிருக்கும் என்பது இப்பகுதி மருத்துவர்களுக்குத் தெரியும். டெக்ஸாமெத்தசோன் முதல் ஊசியைப் போட்டுவிட்டு 108-ஐ அழைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. நல்லது. ஆனால் அது முக்கியமாக நுரையீரலுக்கு. மூளைக்கான மருந்து பேறுகால வலிப்புக்கென்று பிரசவ அறை அலமாரியிலேயே இருக்கிறது.

அந்த மருந்தான மெக்னீசியம் சல்பேட் குறைமாதக் குழந்தையின் மூளையையும் காக்கும் என்பது தற்செயலாகவே தெரியவந்தது. மிகக் குறைந்த எடையில் பிறந்த கலிபோர்னியக் குழந்தைகளை நெல்சனும் கிரெதரும் 1995-இல் ஆராய்ந்தார்கள். மூளை முடக்குவாதம் வந்த குழந்தைகளின் தாய்மாரில் 7 சதவீதத்தினரே இந்த மருந்தைப் பெற்றிருந்தார்கள். வராத குழந்தைகளின் தாய்மாரில் 36 சதவீதத்தினர். பின்னர் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கா எனப் பெரிய ஆய்வுகள் நடந்தன. 6,145 குழந்தைகளின் தரவைத் தொகுத்த 2009-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வின்படி, 63 பேருக்குக் கொடுத்தால் ஒரு குழந்தை முடக்குவாதத்திலிருந்து தப்புகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் 32 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கும் தாய்க்கு இதைப் பரிந்துரைத்தது. 30 முதல் 34 வாரம் வரை பார்த்த மாஜென்டா ஆய்வில் (2023) பலன் தெரியவில்லை. ஆகவே 30 வாரம் நிறையாதவர்களை ஒருவர்கூட விடாமல் பிடிப்பதே முதல் வேலை. அதற்கு வாரக்கணக்கு சரியாக இருக்க வேண்டும். முதல் மூன்று மாத ஸ்கேன் தாயின் அட்டையில் பதிவாகியிருக்க வேண்டும்.

செய்முறை கடினமானதல்ல. 50 சதவீத ஆம்பூல் நான்கு, அதாவது 8 மில்லி. அதனுடன் 12 மில்லி சலைன். இந்த 20 மில்லியை 20 நிமிடத்தில், நிமிடத்துக்கு ஒரு மில்லியாக நரம்பில் செலுத்த வேண்டும். முழங்கால் அனிச்சை, மூச்சு, சிறுநீர் மூன்றையும் பார்க்க வேண்டும். கால்சியம் குளூக்கோனேட் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதன்பின் மணிக்கு ஒரு கிராம், பிரசவம் வரை அல்லது 24 மணி நேரம். இதைப் பெரிய மருத்துவமனை தொடரலாம்.

பிரசவத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே கொடுப்பது சிறப்பு. அவ்வளவு அவகாசம் இல்லையென்று கைவிடத் தேவையில்லை. தாய்க்கோ சிசுவுக்கோ ஆபத்தென்றால் மட்டும் மருந்துக்காகப் பிரசவத்தைத் தாமதிக்கக் கூடாது.

கண்காணிக்க மருத்துவரும் செவிலியரும் இருக்கும் இடங்களில் முதல் டோஸ் வண்டி வருவதற்குள் தொடங்கப்பட வேண்டும் என்பது இவ்விதழின் நிலைப்பாடு. அனுப்புமுன் மகப்பேறு மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுங்கள். பரிந்துரைச் சீட்டில் வாரம், அளவு, தொடங்கிய நேரம் மூன்றையும் எழுதுங்கள்.