புயலில் பிரேக் போடக் கூடாது



புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கம் தினமும் ஹைட்ரா கிரேனைப் பார்க்கிறோம். சுமையைத் தொங்கவிட்டபடி அதுவே உருண்டு போய் இறக்கிவிடும். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் நிற்கும் டவர் கிரேன் எப்படிக் கவிழாமல் நிற்கிறது? அதை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றுவது யார்?"

நல்ல கேள்வி. கான்கிரீட் அடித்தளத்தில் புதைத்த இரும்புக் கால்களின் மேல்தான் மாஸ்ட் என்ற கோபுரம் எழும்புகிறது. அதன் உச்சியில் பெரிய பல்வளையம். மோட்டார் அதைப் பற்றி மேல்பாகம் முழுவதையும் சுழற்றும். முன்னால் நீளும் கை ஜிப். அதன் அடியில் ஓடும் ட்ராலியிலிருந்து கொக்கி தொங்குகிறது. பின்னால் குட்டைக் கை, அதில் கான்கிரீட் எடைக்கட்டிகள். துலாவின் பின்முனையில் கல் கட்டும் அதே கணக்கு. இதில் ஒரு வேடிக்கை: சுமை இல்லாதபோது மாஸ்ட் பின்பக்கமாக இழுபடும், சுமை ஏறினால் முன்பக்கமாக. இரண்டையும் தாங்குவது அடித்தளம்தான்.

மாஸ்டிலிருந்து 20 மீட்டர் தூரத்தில் 5 டன் தூக்கும் கிரேனிடம் 50 மீட்டரில் 2 டன்கூடக் கேட்க முடியாது. பெருக்கினால் இரண்டும் நூறுதானே என்பீர்கள். ட்ராலியும் கொக்கியும் கம்பிவடமும் கையோடு வெளியே போகின்றன, அவற்றின் எடையையும் கழிக்க வேண்டும். ஆபரேட்டர் மறந்தாலும் லிமிட் ஸ்விட்ச் மறக்காது, நிறுத்திவிடும்.

ஏற்றுவது யார்? மாஸ்டின் முதல் சில துண்டுகளை வேறொரு கிரேன் ஏற்றும். பிறகு தானே வளரும். மாஸ்டைச் சுற்றி ஒரு கூண்டு. ஹைட்ராலிக் ஜாக்கி மேல்பாகத்தை ஒரு துண்டு உயரத்துக்குத் தூக்க, திறந்த பக்கத்தின் வழியாகப் புதுத் துண்டை உள்ளே தள்ளி போல்ட் முடுக்குவார்கள். அப்போது கை சுழலவே கூடாது. சமநிலைக்காகக் கொக்கியில் ஓர் எடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதிகம் பயப்பட வேண்டிய நேரம் இதுதான். குறிப்பிட்ட உயரம் தாண்டினால் கட்டடத்தோடு மாஸ்டைப் பிணைத்துவிடுவார்கள்.

பிரெஞ்சுத் தொடர்பு இல்லாமல் புதுச்சேரிக்காரர் கேள்விக்குப் பதில் எழுதலாமா? உலகெங்கும் டவர் கிரேன்களில் காணும் பொட்டேன் என்ற பெயர், 1928இல் பிரான்சின் லா கிளயெட்டில் ஃபோஸ்டான் பொட்டேன் தொடங்கிய நிறுவனத்தினுடையது.

2011 டிசம்பர் 30இல் 'தானே', 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' எனப் புயல்களைக் கண்ட ஊர் நம்முடையது. எனவே கடைசியாக இது. காற்று கடுமையானால் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்துவதுதான் சரி என்று தோன்றும். செய்வது நேர்மாறு: வேலையை நிறுத்தி, கொக்கியை மேலேற்றி, சுழற்சி பிரேக்கை விடுவித்துவிட்டு ஆபரேட்டர் இறங்கிவிடுவார். காற்று எப்பக்கம் அடிக்கிறதோ அப்பக்கம் ஜிப் தானே திரும்பிக்கொள்ளும். எதிர்த்து நின்றால் மாஸ்டுக்குத்தான் ஆபத்து. ஜிப்பில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினால் இந்தக் கணக்குக் கெடும். நம்மவர்கள் பேனர் கட்டாத இடம் ஏது, அதனால் சொல்லிவைக்கிறேன்.

உங்களில் டவர் கிரேன் ஆபரேட்டரோ, கீழே நின்று சைகை காட்டும் ரிக்கரோ இருந்தால் எழுதுங்கள். ஏணியில் ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது, மதியச் சாப்பாடு மேலேயா கீழேயா என்பதிலிருந்தே தொடங்கலாம். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்