போத்தலுக்குள் எங்கள் கிணற்றடி

கண்ணாடிப் போத்தலுக்குள் செடி வளர்க்கும் வழக்கம் எமது கரையோர ஊர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. டெராரியம் என்று அதற்குப் பெயர். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் சில வீடுகளின் முன்னறையில், பூச்சாடி இருந்த இடத்தில் இப்போது அது இருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே இருப்பது என்ன செடி என்று கேட்டால் வீட்டாருக்குத் தெரிவதில்லை. கடையில் வாங்கியது, வெளிநாட்டுச் செடி என்ற அளவோடு பதில் முடிந்துவிடுகிறது. நாம் இந்தப் பொழுதுபோக்கை வரவேற்கிறோம். ஆனால் எமது கிணற்றடியிலும் மதிலோரத்திலும் தாமாக முளைத்து நிற்பவையே அந்தப் போத்தலுக்குள் இருக்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து.

மணற்பாங்கான இந்தக் கரையில் பாசிக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் மாரி காலத்தில் தங்கள் வளவைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்கட்டும். கிணற்றுக் கட்டின் உட்புறம், குளிக்கும் கல்லின் நிழற்பக்கம், பழைய ஓட்டுக் கூரையின் தாழ்வாரம், பள்ளிவாசலில் வுழூச் செய்யும் ஹவுழின் வெளிவிளிம்பு என எங்கும் பச்சைப் பட்டு விரித்தாற்போல் அது கிடக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதே பாசி கபில நிறமாகச் சுருங்கி, செத்தது போலத் தோன்றும். அது சாகவில்லை. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. சுவரைப் பற்றிக்கொள்ள நூல் போன்ற வேர்ப்போலிகள் மட்டுமே உண்டு. நீரைத் தன் மேனி முழுவதாலும் உறிஞ்சும். ஆகவே நீர் இல்லாதபோது உலர்ந்து ஒடுங்கி, முதல் மழை விழுந்ததும் மீண்டும் பசுமையாகும் ஆற்றல் அதற்கு இருக்கிறது. இலங்கையில் 500க்கு மேற்பட்ட பாசி இனங்கள் பதிவாகியுள்ளன. எமது மாணவர்கள் உயர்தர வகுப்பில் பொகொனேற்றம் என்ற மலைநாட்டுப் பாசியை மனனம் செய்து படம் கீறிப் புள்ளி வாங்குகிறார்கள். தம் வீட்டுக் கிணற்றில் இருப்பதும் அதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மருதமுனையில் சிறுவர் குழுவொன்றோடு இதைச் செய்து பார்த்தபோது ஒரு சிறுவன் எம்மிடம் கேட்டான்: "பாதர், பாசியெண்டா வழுக்கி உழுத்திப் போடும் எண்டு உம்மா சுரண்டி எறியச் சொல்ற. நீங்க என்னத்துக்குப் போத்தலுக்குள்ள வளக்கச் சொல்றீங்க?" நியாயமான கேள்வி. உம்மா சொல்வதும் சரிதான். நடக்கிற இடத்துப் பாசியைச் சுரண்டத்தான் வேண்டும். சுரண்டியதை எறியாமல் போத்தலில் போடு என்பதே எமது பதிலாக இருந்தது.

இந்தப் போத்தலுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1829இல் இலண்டனில் நத்தானியல் வார்ட் என்ற வைத்தியர், ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமான இலைமண்ணோடு போத்தலில் இட்டு மூடி வைத்தார். பூச்சியைப் பார்க்க இருந்தவரின் கண்ணில், அந்த மண்ணில் தானாக முளைத்த ஒரு சிறு பன்னமும் புல்லும் பட்டன. ஆலைப் புகையால் அவருடைய தோட்டத்தில் பிழைக்க மறுத்த பன்னம், மூடிய போத்தலில் தழைத்தது. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, துளியாகி, மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. 1833இல் அவர் பன்னங்களையும் பாசிகளையும் புற்களையும் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். அவை மாதக்கணக்கான பயணத்தைத் தாண்டி உயிரோடு போய்ச் சேர்ந்தன.

அதன்பின் இந்தப் பெட்டி பேரரசின் கருவியாயிற்று. 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,919 இறப்பர் நாற்றுகள் இத்தகைய 38 பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் அவை நடப்பட்டன. அதனால் நாடு வருவாய் கண்டது உண்மை. ஆனால் ஓரிடத்துச் செடியை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது எப்போதும் அப்படி முடிவதில்லை. பூவின் அழகுக்காக 1905இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஆற்றுவாழை எமக்கு என்ன செய்தது? நான்கே ஆண்டுகளில், 1909இல், அதை ஒழிக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் கிடக்க, ஆற்றுவாழை பெருகியது. கல்முனையையும் நாவிதன்வெளிப் பக்கத்தையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியை மாரியில் கடப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1939இல் தாவரவியல் படிப்புக்கெனக் கொழும்புக்கு வந்த சல்வீனியாவும் அவ்வாறே வயல்களிலும் வாய்க்கால்களிலும் பரவியது. அதைத் தின்னும் ஒரு சிறு வண்டினத்தை 1986இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பின்னரே பல இடங்களில் அது அடங்கியது. படித்தவர்களின் கையிலிருந்துதான் அது தப்பிப் போயிற்று என்பதை நாம் மறக்கக் கூடாது. அலுத்துப்போன கண்ணாடித் தொட்டியை வாய்க்காலில் கவிழ்க்கும் ஒரு வீடு போதும், இன்னொரு ஆற்றுவாழைக்கு.

இனிச் செய்முறை. அகன்ற வாயுள்ள ஊறுகாய்ப் போத்தலோ பழைய ஹோர்லிக்ஸ் போத்தலோ போதுமானது. அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு உடைந்த ஓட்டுத் துண்டுகள், அதன்மேல் கையளவு சிரட்டைக்கரி, அதன்மேல் மெல்லிய தும்பு, பின்னர் மக்கிய இலையோடு கலந்த மண். கடற்கரை மணலை எடுக்கவே கூடாது, அதில் உப்பிருக்கும். பாசியைச் சுவரிலிருந்து தகடாகப் பெயர்த்து மண்ணோடு படிய அழுத்த வேண்டும். மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் போதும், மீதி சுவரிலேயே இருக்கட்டும். துணைக்குக் கிணற்றுச் சுவர் வெடிப்பில் நிற்கும் சிறு பன்னம், வல்லாரையின் ஒரு கணு, நீர்ப்பிரமித் துண்டு ஆகியவை ஏற்றவை. ஈரச் சுவரோரத்தில் கண்ணாடி போன்ற தண்டோடும் இதய வடிவ இலையோடும் முளைப்பது பெப்பரோமியா. நாமெல்லாம் அதை உள்ளூர்ச் செடி என்றே எண்ணியிருக்கிறோம். அதுவும் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தேறியதுதான். அடம்பனையும் இராவணன் மீசையையும் கடற்கரையில் விட்டுவிடுங்கள். வெயிலில் கிடந்து மணலைப் பிடித்து வைப்பது அவற்றின் வேலை, போத்தலுக்குள் அழுகிப்போகும். மலைநாட்டுக்குச் சுற்றுலா போய்ப் பாசி பிடுங்கி வருவதும் வேண்டாம். அங்குள்ள பாசி எமது வெக்கையைத் தாங்காது. ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காவில் ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம்.

போத்தலை வெளிச்சமுள்ள நிழலில் வைக்க வேண்டும். நேர் வெயில் பட்டால் மூடிய கண்ணாடிக்குள் செடி வெந்துவிடும். கண்ணாடி நாள் முழுவதும் வியர்த்திருந்தால் சிறிது நேரம் மூடியைத் திறக்கலாம். டெங்கு பரவும் ஊரில் இதெல்லாம் தேவையா என்று சிலர் கேட்பர். ஈரம் மண்ணிலே தங்கி, தண்ணீர் தேங்காமல், மூடியும் இருந்தால் நுளம்புக்கு அங்கே இடமில்லை. சிரட்டையையும் பழைய டயரையும் வளவில் போட்டு வைத்துக்கொண்டு போத்தலைக் குறை சொல்வது பொருந்தாது.

தண்ணீரைப் பற்றித்தான் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். ஒரே அளவான மூன்று போத்தல்களை எடுங்கள். ஒன்றுக்கு மழைநீர், ஒன்றுக்கு உங்கள் கிணற்று நீர், மூன்றாவதற்குச் சிறிது கடல்நீர். மூன்றிலும் கண்ணாடியில் துளிகள் படியும். மூன்றாவது போத்தலின் துளியையும் நாவில் வைத்துப் பார்த்தால் உப்பிராது. ஆனால் அதற்குள் இருக்கும் பாசி நாளடைவில் கருகும். ஏறிப்போனது நீர் மட்டுமே, உப்பு மண்ணிலேயே தங்கிவிட்டது. பிள்ளைகள் இதைத் தம் கண்ணால் காண வேண்டும். கிணற்று நீர்ப் போத்தலில் என்ன நடக்கிறது என்பது வளவுக்கு வளவு வேறுபடும், அந்த வேறுபாட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதே பெரிய பாடம்.

ஏனெனில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் இந்த ஒடுங்கிய மணல் மேடும் ஒரு போத்தல் போன்றதுதான். மாரி மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது உவரை அமிழ்த்தி வைத்திருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே எவ்வளவு இழக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி, நாட்டிலேயே அதிக உயிர்களை அம்பாறை மாவட்டத்தில்தான் கொண்டுபோனது. கிணறுகளும் உப்பாயின. கிழக்குக் கரையில் அவசரப்பட்டு இயந்திரம் வைத்து இறைத்த சில இடங்களில் அடியிலிருந்த உவர் மேலும் ஏறியது. மழைதான் கொஞ்சங்கொஞ்சமாகக் கழுவித் தந்தது. இன்று வீட்டுக்கு வீடு மோட்டர் இருக்கிறது, மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவில் அருகருகே இருக்கின்றன. சவர்க்கார நீர் வேறு. இறங்கியவற்றில் எதுவும் தொலைதூரம் போய்விடுவதில்லை.

வீடு, தொழில், படிப்பு என்று தேவைகள் குவிந்திருக்கும் மக்களிடம் பாசியைப் பற்றிப் பேசுவது வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்று எமது சகபணியாளர் சிலரே சொல்வதுண்டு. நிலத்தடி நீர் பற்றிய எத்தனையோ கருத்தரங்குகளை நாமும் நடத்தியிருக்கிறோம். வரைபடம் காட்டி, தேநீர் கொடுத்து, வரவுப் பதிவேட்டில் ஒப்பம் வாங்கினோம். மோட்டரை நிறுத்தும் நேரம் எந்த வீட்டிலும் மாறியதாக நாம் காணவில்லை. மூன்று போத்தல்களை ஜன்னலோரம் வைத்த பிள்ளைகளோ, "கிணத்துத் தண்ணியில ஏன் பாசி வெளுக்குது?" என்று வீட்டில் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். மதரசாக்களும் பாலர் பாடசாலைகளும் மாதர் சங்கங்களும் ஒரு சதமும் செலவின்றி இதைத் தொடங்கலாம்.

ஐப்பசி பிறந்ததும் போத்தல்களைக் கழுவிக் காய வையுங்கள். முதல் மழை கூரைத் தூசியைக் கழுவிப் போகட்டும். இரண்டாம் மூன்றாம் மழையின் நீரைப் பிடித்து மூடி வையுங்கள். கார்த்திகையில் கிணற்றுக் கட்டு பச்சையாகிவிடும்.